பக்கத்துத் துளி

என் கணவர் செய்தித்தாளை என் முன்னால் விரித்துவைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவர் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் செய்தியே அல்ல. அந்த வாரம் நான் பேசாமல் இருந்ததுதான் செய்தி. கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியதில் கன்னம் பந்துபோல் வீங்கி, லீவு போட்டுவிட்டுப் படுத்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன பல் டாக்டருக்கு என் பிள்ளைகள் இருவரும் சிலை வைக்காத குறை.

தலைப்பு கொட்டை எழுத்தில் இருந்தது: "பிஞ்சுகளுக்கு நஞ்சு: சிக்கினார் சமையல்காரி!" கீழே இரண்டு படங்கள். சின்னப் படத்தில் ஒரு பெண் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். முகம் தெரியாவிட்டால் என்ன, அந்த நிற்பை எனக்குத் தெரியும். இடுப்பில் ஒரு கை, ஒரு காலில் பாரம், 'யாரு வந்தா எனக்கென்ன' என்கிற தினுசு. என் நாத்தனார். குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையல் வேலை பார்ப்பவள்.

பெரிய படத்தில், நான் வேலை பார்க்கும் அரசு ஆய்வகத்தின் இயக்குநர். வெள்ளைக் கோட்டு, அதற்குள் டை, கையில் சோதனைக்கான ஒரு கண்ணாடிச் சில்லு. அதை விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, வைரத்துக்கு விலை சொல்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சோதனை மேசைப் பக்கம் அவர் எட்டிப் பார்த்தே வருஷக்கணக்காகிறது. எதைக் கேட்டாலும் "உடனடியா" என்று ஆரம்பிப்பதால் ஆய்வகத்தில் அவருக்கு உடனடி என்றே பெயர்.

நான் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். போதவில்லை. போனில் அதே படத்தைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் இழுத்துப் பெரிசாக்கினேன். அந்தச் சில்லில் ஒரே ஒரு துளி இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன். தையல் பிரிந்த மாதிரி வலித்தது.

"பேசாத, பேசாத. டாக்டர் சொன்னாரில்ல?"

"ஒரு துளிதாங்க இருக்கு! பக்கத்துத் துளி எங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். தங்கையின் மானம் ஊர் சிரிக்கப் போய்க்கொண்டிருக்கும்போது பெண்டாட்டி துளி எண்ணிக்கொண்டிருந்தால் எந்த மனுஷன்தான் வேறு எப்படிப் பார்ப்பான்?

என் பிழைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். சால்மொனெல்லா என்றொரு கிருமி. வயிற்றில் புகுந்தால் பேதி, காய்ச்சல், சின்னக் குழந்தைகளென்றால் உயிருக்கே ஆபத்து. அதில் ஆயிரக்கணக்கான ரகங்கள் உண்டு. எந்த நுண்ணோக்கியில் வைத்தாலும் எல்லாம் ஒரே அச்சு. இது எந்த ரகம், அந்த வீட்டில் கிடைத்ததும் இந்த வீட்டில் கிடைத்ததும் ஒன்றா என்று பிரித்துச் சொல்வதுதான் என் பிரிவின் வேலை. ஒவ்வொரு ரகத்துக்கும் தோதான சீரம், அதாவது அந்த ரகத்தை மட்டும் அடையாளம் காட்டும் திரவம், இருக்கிறது. சில்லில் ஒரு துளி சீரம் விட்டு அதில் கிருமியைக் கலக்கி ஆட்டினால், பொருந்துகிற சீரமானால் பொடிப்பொடியாகக் கட்டிக்கொள்ளும். பார்க்கப் பால் திரிந்த மாதிரியே இருக்கும். நாங்களும் 'திரிஞ்சுடுச்சு' என்றுதான் சொல்வோம்.

ஆனால் பக்கத்தில் இன்னொரு துளி வேண்டும். வெறும் உப்புத் தண்ணீர். அதிலும் அதே கிருமியைக் கலக்கிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் சில கிருமிகள் மேல்தோல் கெட்டுப்போய், எதைக் கண்டாலும் திரியும். காரணம் வேண்டாம், சீரம் வேண்டாம், உப்புத் தண்ணீரிலேயே திரியும். என் சுபாவம் என்று என் கணவர் சொல்வார். அப்படிப்பட்ட கிருமியிடம் எந்தச் சீரத்தைக் காட்டி 'நீதானா' என்று கேட்டாலும் 'நான்தான்' என்றே பதில் வரும். உப்புத் துளி சும்மா இருந்தால்தான் சீரத் துளியில் திரிந்ததற்கு அர்த்தம்.

உடனடி அந்தத் துளியை வைக்கவில்லை. பேதியாகி ஆஸ்பத்திரியில் கிடந்த காப்பகக் குழந்தைகளிடம் இருந்தது நான்காம் எண் ரகம். ஆகவே என் நாத்தனாரிடம் எடுத்த கிருமிக்கும் நான்காம் எண் சீரத்தை மட்டும் வைத்தார், திரிந்தது, போட்டோ எடுத்துக்கொண்டார்.

"போன் பண்ணேன். எடுக்க மாட்டேங்கறா" என்றார் என் கணவர் ஜன்னலைப் பார்த்தபடியே. "வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாராம். மாடி வீட்டுக்காரங்க அவளைப் பார்த்தா கதவைச் சாத்திக்கறாங்களாம். நீ அவளோட பேசறதில்ல, எனக்குத் தெரியும். ஆனா..."

நான் அவளோடு பேசுவதில்லை என்பது உண்மைதான். உறவுக்காரர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "அண்ணி சமைச்சா பினாயில் வாசனை வரும், அதான் அண்ணன் இளைச்சுட்டே போறான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார், அதற்கு அவருக்குத் தனியாகக் கிடைத்தது. அன்றிலிருந்து அவள் இருக்கும் திசையில் நான் தலைவைத்துப் படுப்பதில்லை.

"செருப்பு எங்க?" என்றேன்.

"யாரை அடிக்க?"

"போட்டுட்டுப் போறதுக்குங்க!"

*

ஞாயிற்றுக்கிழமையானாலும் ஆய்வகம் திறந்திருந்தது. வாசலில் பெற்றோர் கூட்டம். உள்ளே என் சக ஊழியர் ஒருவர் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நாங்கள் அவரை மௌனம் என்போம்.

"உப்புத் துளி வெச்சாரா?" என்றேன்.

மௌனம் இல்லையென்று தலையாட்டினார்.

"நீங்க சொல்லலையா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"ஃப்ரேமுக்குள்ள வரலன்னார்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வீக்கமே ஒரு சுற்று பெருத்திருக்கும். நேரே உடனடியின் அறைக்குப் போனேன்.

"மேடம், நீங்க லீவாச்சே?"

"பல்லுக்குத்தான் சார் லீவு, கண்ணுக்கு இல்ல. உப்பு எங்க?"

"எந்த உப்பு?"

"எந்த உப்பா? ஒரு பொம்பள வாழ்க்கையை நடுத்தெருவுல கொண்டு நிறுத்திட்டு எந்த உப்புன்னு கேக்கறீங்க?"

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதரில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம். கண்கள் சிவந்திருந்தன, சரியாகத் தூங்கியிருக்க மாட்டார். "மேடம், வெளிய நிக்கறாங்களே, பார்த்தீங்களா? ஒவ்வொருத்தர் குழந்தையும் ஆஸ்பத்திரில. மேலேர்ந்து போன் மேல போன். அவங்களுக்கு உடனடியா ஒரு பதில் வேணும்."

"பதில் வேணுமா, ஆள் வேணுமா?"

"திரிஞ்சுது மேடம். என் கண்ணால பார்த்தேன்."

"உப்புலயும் திரிஞ்சிருந்தா?"

அவர் மேசைமேலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவங்க உங்களுக்குச் சொந்தம்னு கேள்விப்பட்டேன்."

"நாத்தனார்."

"அப்போ நீங்க இந்த மாதிரியைத் தொடவே கூடாது. தெரியுமில்ல?"

சரிதான். தொடக் கூடாதுதான். சண்டையில் எதிராளி நடுவில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட்டால் அதைப்போல எரிச்சல் வேறில்லை. நான் அவளுக்குச் சலுகை காட்டுவேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் விலா நோகச் சிரிப்பார்கள். ஆனால் இவருக்கு அது எப்படித் தெரியும்?

"தொடல" என்றேன். "மூணு குழாய் எடுங்க. ஒண்ணு குழந்தைங்களோடது, ஒண்ணு அவளோடது, ஒண்ணு நம்ம பழைய இருப்பு. எது எதுன்னு நீங்களே மனசுல வெச்சுட்டு நம்பர் மட்டும் ஒட்டுங்க. மௌனம் பார்க்கட்டும். நான் கையைக் கட்டிட்டு நிக்கறேன்."

அவருக்குத் தம் கண்மேல் நம்பிக்கை இருந்தது. ஒட்டினார்.

மௌனம் சில்லுகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் முதலில் உப்பு, பக்கத்தில் சீரம். முதல் குழாய்: உப்பு பால்போலச் சீராக நின்றது, நான்காம் சீரம் திரிந்தது. இரண்டாவது: உப்புத் துளியில் கலக்கி, சில்லை ஒருமுறை சாய்த்தார். நிறுத்தினார்.

"திரியுது" என்றார்.

"எதுல?" என்றார் உடனடி.

"உப்புல."

பிறகு யாரும் கேட்காமலேயே மௌனம் வேறு நாலைந்து எண் சீரங்களை வைத்தார். அத்தனையிலும் திரிந்தது. அந்தக் கிருமிக்கு யாரோடும் ஒத்துப்போகவில்லை. உடனடி குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். எந்தக் குழாய் என்று நான் கேட்கவில்லை. அவர் கழுத்தில் வேர்த்ததே போதும்.

"அப்போ... அவங்க இல்லையா?"

"ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம் சார். அவளா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். திரும்பத் திரும்ப வளர்த்து, தோல் நல்லா இருக்கற புள்ளியாப் பார்த்துப் பொறுக்கி, மறுபடி பார்த்தாத்தான் சொல்ல முடியும். இப்ப உடனே நேத்து சொன்னதை வாபஸ் வாங்குங்க."

"மறு ஆய்வுல இருக்குன்னு உள்ளுக்குள்ள குறிச்சு வெச்சுக்கலாம் மேடம்."

"உள்ளுக்குள்ளயா? வெளிய போட்டோ, உள்ளுக்குள்ள குறிப்பா?"

"இப்ப மாத்திச் சொன்னா நம்மளை யார் நம்புவாங்க?"

இந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. வாய் வீங்கியிருந்ததால் அவருக்கும் பாதிதான் புரிந்திருக்கும். அந்த மட்டில் என் வேலை தப்பியது.

*

கிருமியைச் செப்பனிட நாள் பிடிக்கும். அதற்குள் காப்பகத்தைக் கழுவி, பெயின்ட் அடித்து, 'ஆபத்து நீங்கியது' என்று வாசலில் பலகை மாட்டித் திறந்துவிட்டார்கள். பால், முட்டை, தண்ணீர் என்று எல்லாவற்றிலும் மாதிரி எடுக்கவிருந்த ஆய்வுக் குழுவை, ஆள்தான் கிடைத்துவிட்டாளே என்று பாதியில் திருப்பி அழைத்துவிட்டார்கள். நான் உடனடிக்கு எழுதினேன், நேரில் போய்க் கத்தினேன், அவர் மேலதிகாரிக்கும் எழுதினேன். அங்கிருந்து 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் வந்தது. கவனத்தில் கொண்டதை எந்த அலமாரியில் பூட்டினார்களோ!

அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். காப்பகத்துக் குழந்தை ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது, மாதிரி எடுத்துப் போங்கள் என்று. எடுத்துவரும் வேலை என்னுடையதல்ல. ஆனால் உட்கார முடியவில்லை, நானே போனேன்.

குழந்தைகள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மூன்று வயது இருக்கும். உதடு காய்ந்து, கண் உள்ளே போய், கையில் ஊசி குத்தி அது அசையாமலிருக்க அட்டை வைத்துக் கட்டியிருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்க அந்த லேபா?"

தலையாட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பொம்பளையைப் பிடிச்சுக் குடுத்தீங்களே மேடம், நீங்க நல்லா இருக்கணும்."

"குழந்தைக்கு எப்ப ஆரம்பிச்சது?" என்று மட்டும் கேட்டேன்.

"முந்தாநாள். அதான் மேடம் புரியல. இவ அங்க போகவே இல்ல. அந்தப் பிரச்சினை ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே மாமா வீட்டுல விட்டிருந்தோம். பேப்பர்ல பெரிய டாக்டர் படம் போட்டு, ஆளைப் பிடிச்சாச்சுன்னு வந்துச்சில்ல, அதைப் பார்த்துட்டுத்தான் தைரியமா இந்த வாரம் கொண்டு விட்டோம்."

அவர் சொன்னதை அவரே கேட்டிருக்க மாட்டார். பாதத்தைத் தேய்ப்பதற்குத் திரும்பிவிட்டார். நான் அந்தக் குழந்தையின் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றேன். என் மூக்கு சிந்தும் சத்தத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "ஜலதோஷம் இருந்தா வார்டுக்குள்ள வரக் கூடாது" என்றாள். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. அவளும் சரியாகத்தான் சொன்னாள்.

ஆய்வகம் திரும்பி உடனடியின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தேன். யாரோ இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இருக்கட்டும்.

"சார், புதுசா ஒரு குழந்தை. அவ சமைச்ச ஒரு வாய் சாப்பிட்டதில்ல. அவளை வேலையிலேர்ந்து நிறுத்தினப்புறம்தான் காப்பகத்துக்கே போயிருக்கு."

"அப்போ வேற எங்கயாவது..."

"உங்க படத்தைப் பார்த்துதான் சார் கொண்டு விட்டாங்க."

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். வந்திருந்த இருவரும் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். உடனடி போனை எடுத்து ஆய்வுக் குழுவின் எண்ணை அழுத்தினார். "காப்பகத்துக்கு மறுபடி போங்க. ஒரு பொருள் விடாம எடுங்க" என்றார். அவர் 'உடனடியா' என்று சொல்லாததை அப்போதுதான் கவனித்தேன்.

குழுவின் ஆய்வாளர் அம்மா மூன்று நாள் கழித்து போனில் கூப்பிட்டாள்.

"பால் சுத்தம், முட்டை சுத்தம், தண்ணி சுத்தம். ஒண்ணு மட்டும் ஓடுது."

"என்ன ஓடுது?"

"ஓடுதுன்னா, மெதுவா ஓடுது. ஆமை."

காப்பக முதலாளி வரவேற்பறையில் கண்ணாடித் தொட்டி வைத்து ஆமை வளர்த்திருந்தான். விளம்பரத்துக்கு. குழந்தைகள் தினமும் அதைத் தடவி, முத்தம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகும். சாயங்காலம் சமையல்காரி வீட்டுக்குப் போனபிறகு, காவலாள் அந்தத் தொட்டியைச் சமையலறைப் பாத்திரத் தொட்டியிலேயே வைத்துக் கழுவுவான், குழந்தைகளின் பால் டம்ளர்களுக்குப் பக்கத்தில். காப்பகம் மூடியபின் நடக்கிற இந்தக் கைங்கரியம் அவளுக்கே தெரியாது. ஆமையை எடுத்துப் போக வேண்டும் என்றதும் முதலாளி, "அது எங்க லோகோங்க!" என்று அழுதானாம்.

ஆமையின் கிருமியை மௌனம் பார்த்தார். உப்பு சும்மா இருந்தது. நான்காம் சீரம் திரிந்தது. கிருமி நீந்துவதற்கு வைத்திருக்கும் வால்களுக்கென்று தனிச் சீரங்கள் உண்டு, அவையும் குழந்தைகளிடம் எடுத்ததோடு, அந்தப் புதுக் குழந்தையிடம் எடுத்ததோடும், அப்படியே பொருந்தின. அன்றே என் நாத்தனாரின் கிருமியும் ஒருவழியாகத் தோல் தேறி உப்பில் அமைதியாக நின்றது. நான்காம் சீரத்தில் அது திரியவேயில்லை. ஏழாம் சீரத்தில் திரிந்தது. வேறு ரகம். முற்றிலும் வேறு.

"அவங்க இல்ல" என்றார் மௌனம். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

*

திருத்தத்தைப் பத்திரிகையில் போட்டார்கள். எங்கே என்று கேட்காதீர்கள். உள்பக்கத்தில், மூலநோய் விளம்பரத்துக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்தில்: 'காப்பக விவகாரம்: மறு ஆய்வில் வேறுபாடு.' வேறுபாடாம்! படமில்லை. தவறு என்ற சொல் இல்லை. 'சமையல்காரி' என்ற சொல்கூட இல்லை.

"நான் முழுசாத்தான் குடுத்தேன் மேடம்" என்றார் உடனடி. நம்பினேன். "அவங்க போட்டது அவ்வளவுதான்."

"அப்போ மறுபடி கூப்பிடுங்க. அதே இடத்துல நின்னு, ரெண்டு துளியோட சொல்லுங்க."

"கூப்பிட்டேன். ஆமை படம் இருந்தா வர்றோம்னாங்க."

அவர் கையெழுத்துப் போட்ட அறிக்கை ஒன்றை வாங்கிக்கொண்டு, நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி. மத்தியானம், விடுமுறை நாள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் டிவி சத்தம். அவள் கதவில் யாரோ கரியால் ஒரு சொல் எழுதி, யாரோ அதை அழித்திருந்தார்கள். சரியாக அழியவில்லை.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் வழியை மறித்து நின்றாள். உள்ளே அட்டைப் பெட்டிகள், பாதி கட்டியபடி.

"வேடிக்கை பார்க்க வந்தீங்களா அண்ணி?"

"வாயை மூடு. உன்னால இல்ல. குழந்தைங்களுக்கு வந்தது உன்னால இல்ல. ஆமை."

"என்ன ஆமை?"

சொன்னேன். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். முடிவில் அழுவாள் என்று நினைத்தேன், தோளில் தட்டிக்கொடுக்க ஒரு கையைத் தயாராகவும் வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"அப்போ திங்கக்கிழமை நான் வேலைக்குப் போலாம்."

இதைத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். "போக முடியாது."

"ஏன்?"

"உன்கிட்ட வேற ஒண்ணு இருக்கு. அதனால யாருக்கும் ஒண்ணும் வரல. ஆனா அது போற வரைக்கும் நீ சமையல்கட்டுக்குள்ள போகக் கூடாது. அடுத்தடுத்து மாதிரி குடுத்து, சுத்தம்னு வந்தப்புறம்தான்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன். எழுதியும் குடுத்துட்டேன்."

"நீங்களா!" அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்தாள். "ஒரு கையால தூக்கிவிட்டு இன்னொரு கையால தள்ளறீங்களா? அண்ணன் சொன்னான், உனக்காக அண்ணி ஆபீஸ்ல சண்டை போடறான்னு. இதுக்கா?"

"இதுக்குந்தான்! இல்லாததை இருக்குன்னு சொன்னவன்கூடச் சண்டை போட்டேன். இருக்கறதை இல்லன்னு நான் சொல்லணுமா? நாளைக்கு ஒரு குழந்தைக்கு வந்தா?"

அவள் அறிக்கையைப் பிடுங்கிப் பார்த்தாள். "இது என்ன, ஏதோ ஊர் பேர் மாதிரி இருக்கு?"

"முதல்ல எந்த ஊர்ல கண்டுபிடிச்சாங்களோ அந்த ஊர் பேரை வைப்பாங்க."

"நான் அந்தப் பக்கமே போனதில்லையே!"

"அது வந்திருக்கு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. காகிதத்தைத் திருப்பித் தந்தாள். "இதை வெச்சு நான் என்ன அண்ணி பண்றது? நாக்கு வழிக்கவா? இங்க இருக்கறவங்க பேப்பர்ல படம் பார்த்தாங்க. மேல் வீட்டுக்காரி நான் தொட்ட கைப்பிடியைத் துணி வெச்சுப் பிடிக்கறா. என் கைல இந்தக் காகிதத்தைக் குடுத்துட்டுப் போறீங்க. இதை யாரு படிப்பா?"

நான் அந்தக் காகிதத்தோடு மாடிப்படியின் நடுவே போய் நின்றேன். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. அத்தனையும் சாத்திய கதவுகள்.

"எல்லாரும் கேளுங்க!" என்று ஆரம்பித்தேன். குரல் படிக்கட்டுச் சுவரில் மோதி எனக்கே பயமாக இருந்தது. "நான் அரசு ஆய்வகத்துலேர்ந்து வந்திருக்கேன். பேப்பர்ல வந்தது தப்பு. தப்புன்னா தப்பு, வேறுபாடு இல்ல! காப்பகத்துக் குழந்தைங்களுக்கு நோய் வந்தது ஆமையால. இந்த வீட்டுல இருக்கறவங்களால இல்ல. இதோ கையெழுத்து, இதோ முத்திரை, சந்தேகம் இருக்கறவங்க வெளிய வந்து படிச்சுப் பார்க்கலாம்!"

எங்கோ ஒரு டிவியின் சத்தம் குறைந்தது. மேல் மாடியில் தாழ்ப்பாள் நகர்ந்தது, கதவு திறக்கவில்லை. எதிர்வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்து, வீட்டு ஓனரின் தலை மட்டும் வெளியே வந்தது.

"யாருங்க இது, மத்தியான வேளைல கத்தறது? மனுஷன் தூங்க வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"எங்க அண்ணி. கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், கதவை மூடவுமில்லை, திறக்கவுமில்லை. நான் இன்னொரு முறை முழுவதையும் படித்தேன். அவளிடம் இருக்கும் இரண்டாவது கிருமியைப் பற்றிய வரி வந்தபோது தாண்டிவிட்டேன். அது அவள் சமாச்சாரம், அவளுக்கும் எனக்கும் நடுவில் தீர்க்க வேண்டியது. படித்து முடித்தபோது தொண்டை காய்ந்திருந்தது, பல் பிடுங்கிய இடம் விண் விண்ணென்று தெறித்தது. ஓனரின் தலை உள்ளே போயிற்று. கதவு ஒரு சாண் திறந்தபடியே இருந்தது.

நாத்தனார் என்னைத் தாண்டி இரண்டு படி கீழே இறங்கினாள். முதல் மாடிக் கதவுகளை எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்:

"கீழ இறங்குங்க. அவங்களுக்குச் சரியாக் கேட்டிருக்காது. முதல்லேர்ந்து படிங்க."